வெந்நீர்க் கிண்ணம்

எனக்குத் தாடையில் முடி முளைக்கும். இந்த ஒரு வரியை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு பூனை முடி என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இது கருப்பாக, சுருட்டையாக, காதோரத்திலிருந்து மோவாய் வரைக்கும் முளைப்பது. கல்லூரியில் சேர்ந்த வருடம் ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை.

எங்கள் வீடு நைனார்பாளையம் பக்கம். மரவள்ளியும் கரும்பும் போடுகிற குடும்பம். அப்பா, அம்மா, அண்ணன், நான். அம்மா முதன்முதலில் அந்த முடியைப் பார்த்த அன்று என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "இன்னாடி இது, ஆம்பள மாதிரி" என்றாள். நான் ஏதோ ஆசைப்பட்டு வளர்த்துக்கொண்ட மாதிரி அவளுக்குக் கோபம். அன்றிலிருந்து என் முகம் அவளுடைய அம்மிக்கு வேலை வைத்தது. கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி இலை, பப்பாளிப் பால், கடலை மாவு. சின்னசேலம் சந்தையில் ஒருவன் கல்வராயன் மலை மூலிகை என்று பச்சையாக ஒரு பொடி விற்றான், அதையும் வாங்கி வந்தாள். பிற்பாடு நான் மலையடிவாரத்துக்கே வாழப் போனேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன், அப்படி ஒரு மூலிகையை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

பார்லருக்கும் ஒருமுறை போனோம். நூல் வைத்து இழுத்தபோது உயிர் போய் வந்தது, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பணம் கொடுக்கும்போதுதான் பார்லர் பெண் எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தியின் தங்கை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. "இவ வாய மூடிகினு இருப்பாளா? நாளைக்கி எவன் வந்து கட்டுவான்?" என்று வீட்டுக்குள் வந்ததும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அதோடு பார்லர் முடிந்தது.

மிச்சமிருந்தது கத்திதான். அதைத்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் எமனைப் போலப் பார்ப்பார்கள். "கத்தி மட்டும் படக்கூடாதுடி. ஒருதரம் பட்டா காடாட்டம் மொளைக்கும்" என்று அம்மா சொல்வாள், பெரியம்மா சொல்வாள், பால் ஊற்ற வருகிறவளும் சொல்வாள். ஆகவே நான் திருட்டுத்தனமாகச் செய்தேன்.

அண்ணனும் முகச்சவரம் செய்வான். அது எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு பூஜை. முருங்கை மரத்தில் கண்ணாடியை மாட்டி, அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "வெந்நீ கொண்டா" என்று குரல் கொடுப்பான். எவர்சில்வர் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கிடப்பான். பிறகு கிரீமைப் பூசி நுரை கட்டவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே ஊறவைப்பான். அப்புறம் மேலிருந்து கீழாக, அழுத்தாமல், ஒவ்வொரு இழுப்புக்கும் கிண்ணத்தில் கத்தியை முக்கி எடுத்து. முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அந்த நேரத்தில் அவனை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. எங்கேயாவது துளி ரத்தம் வந்துவிட்டால் அம்மா பதறிக்கொண்டு ஓடி வருவாள்.

என் சவரம் குளியலறையில். விளக்கு கிடையாது, தாழ்ப்பாளும் சரியாக விழாது. அண்ணனுடைய ரேஸரையே எடுப்பேன். அது நனைந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவான் என்பதால் தண்ணீர் தொடமாட்டேன், சோப்பு போடமாட்டேன். வறட்டு முகத்தில், மழுங்கின பிளேடில், கீழிருந்து மேலாக. அப்படி எதிர்த்து இழுத்தால்தான் தடவிப்பார்க்க வழவழப்பாக இருக்கும். வேலை முடிந்ததும் ரேஸரைப் பாவாடையில் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். மறுநாள் தாடை பூராவும் சிவந்து, சின்னச் சின்னக் கட்டியாகக் கிளம்பும். வெளியே வரமுடியாத முடி தோலுக்குள்ளேயே சுருண்டுகொண்டு சீழ் பிடிக்கும். அம்மா அதைச் சூட்டுக் கட்டி என்று சொல்லி அதன்மேலும் மஞ்சளைப் பூசுவாள்.

மாப்பிள்ளை வீட்டார் மலையடிவாரத்திலிருந்து வந்தார்கள். என் முகத்தைப் பார்த்து, "பருவா? கல்யாணம் ஆனா போயிடும்" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். எல்லாம் கூடி வந்தது. முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் அம்மாவுக்கு நலங்கு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து பெண்ணின் இரண்டு கன்னத்திலும் மஞ்சளும் சந்தனமும் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிடும். "அவங்க கை பட்டா போச்சுடி. மண்டபத்துலயே நிறுத்திடுவாங்க" என்றாள். பவுடர், பூ, வளையல் எல்லாம் பரப்பிக்கிடந்த மண்டபத்து அறையில், முந்தானைக்குள்ளிருந்து அண்ணனுடைய ரேஸரை எடுத்து என்னிடம் நீட்டினாள். காடாட்டம் மொளைக்கும் என்று சொன்ன அதே அம்மா. நான் திருட்டுத்தனமாக இழுப்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"தண்ணி வேணும்மா" என்றேன்.

"தண்ணிக்கு எங்க போவேன் இப்ப? வெளிய ஜனம் நிக்குது. சீக்கிரம் இழு."

வறட்டு முகத்தில் இரண்டு தரம் இழுத்தேன். தோல் உரிந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த முகத்தோடு போய் மணையில் உட்கார்ந்தேன். முதல் கை பட்டதுமே கண்ணில் நீர் முட்டியது. பச்சை மஞ்சளை அரைத்திருந்தார்கள். அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு என் புருஷனின் அக்கா வந்தாள். உளுந்தூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள், வாய்த்துடுக்குக்குப் பேர் போனவள். நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். அவளுடைய விரல் கன்னத்திலிருந்து தாடைக்கு இறங்கி, அங்கேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் அப்பா அந்த மண்டபத்திலிருந்து தலை நிமிர்ந்து வெளியே போகமுடியாது. அண்ணி தட்டிலிருந்து கை நிறைய மஞ்சளை அள்ளி, அதே இடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

நான் அழுதுவிட்டேன். "பொறந்த வூட்ட வுட்டுப் போறோம்னு அழுவுது பாரு" என்று யாரோ பரிதாபப்பட்டார்கள். மறுநாள் தாலி கட்டும்போது என் முகம் வீங்கியிருந்தது. ஆல்பத்தில் இப்போதும் பார்க்கலாம்.

கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தன்னுடைய பெருந்தன்மை என்று அவரே நினைத்துக்கொண்டார். ஆனால் அண்ணி விடவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் நாலு பேருக்கு நடுவில், "தம்பி, பிளேடு இப்பல்லாம் ஜாஸ்தி செலவாவுதா?" என்பாள். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். மாமியாருக்கும் ஊருக்கும் இவள் என்றைக்கு உடைத்துச் சொல்லப்போகிறாளோ என்ற பயத்திலேயே நான் எத்தனையோ பொங்கலைக் கழித்திருக்கிறேன். அவளை நான் மனதார வெறுத்தேன்.

ஒருமுறை தாடை முழுக்கச் சீழ் வைத்து, காய்ச்சலே வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். "எப்பிடி ஷேவ் பண்றீங்க?" என்று, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது மாதிரி கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் எழுதிக் கொடுத்தார். கட்டி ஆறும்வரை கத்தி வைக்கக்கூடாது என்றார். பிறகு விளக்கினார். முதலில் வெந்நீரில் நனைத்து முடியை இளக்கணும். சோப்போ ஜெல்லோ பூசிக் கொஞ்சம் ஊறணும். புது பிளேடு. முடி சாய்ந்திருக்கிற பக்கமாகவே இழுக்கணும், அழுத்தக் கூடாது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது. கழுவி, ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத கிரீம். மஞ்சள், எலுமிச்சை, படிகாரம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. "கத்தி பட்டா ஜாஸ்தி மொளைக்கும்ன்றது பொய்மா. வெட்டுன முனை மொட்டையா இருக்கறதால அப்பிடித் தெரியுது, அவ்ளோதான்."

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்ன முக்கால்வாசியும் நான் முருங்கை மரத்தடியில் கண்ணால் பார்த்தது. கிண்ணத்தை நீட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தது. அந்த வெந்நீர் என் முகத்துக்கும் ஆகும் என்று எனக்கே தோன்றவில்லையே. தோன்றாதபடி வளர்த்திருந்தார்கள்.

போன வருடம் அண்ணி மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். ராத்திரிச் சாப்பாட்டை அவளுடைய பெண் கொண்டுவருவாள். கல்யாணம் நிச்சயமான பெண், முகத்திலிருந்து மாஸ்க்கைக் கழற்றவே மாட்டாள். "ஆஸ்பத்திரி காத்து ஆவாது அவளுக்கு" என்பாள் அண்ணி. அண்ணியும் அந்தப் புழுக்கத்தில் முந்தானையால் வாயையும் மோவாயையும் மூடிக்கொண்டே படுத்திருந்தாள். முகம் துடைக்கப் போனால் தலையைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் தூக்கத்தில் முந்தானை விலகியது.

தாடை முழுக்க முள்ளாக முடி. கருப்பும் நரையும் கலந்து. அதற்குக் கீழே கருத்த தழும்புகள், கட்டிகள். என் முகத்தில் நான் நன்றாக அறிந்தவை. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் கோபம் வந்தது. அவள் விழித்து முந்தானையைத் தேடினாள், நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அன்னைக்கி நலங்குல உங்களுக்குத் தெரிஞ்சிதா அண்ணி?"

"கை பட்டதுமே தெரிஞ்சிது."

"தெரிஞ்சிகினேவா அப்பிடித் தேச்சீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். "எனக்கு அடுத்து எங்க அத்தை நின்னுகினு இருந்தா. அவ கைக்குத் தெரிஞ்சா மண்டபமே கேக்கும். மேல கெட்டியா பூசிட்டா தெரியாதுன்னு பூசுனேன்."

"அப்பறம் இத்தினி வருசமா பேசுனீங்களே, அது?"

"உன்னப் பேசிகினு இருந்தா என் மூஞ்சிய எவளும் பாக்க மாட்டா."

பிறகு அவளே சொன்னாள். "சாயந்தரம் சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்க வராங்க. பையில அடியில ரேஸர் கீது. நீயே இழுத்து வுட்டுடு. தண்ணில்லாம் வேணாம், சும்மா வறட்டா இழு."

வறட்டாகவே இழுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன்தான். பிறகு என் பையிலிருந்து புது பிளேடை எடுத்துக்கொண்டு, கேண்டீனுக்குப் போய்க் கிண்ணத்தில் வெந்நீர் வாங்கிவந்தேன். கட்டிலைச் சுற்றியிருந்த பச்சைத் திரையை இழுத்துவிட்டு, துண்டை நனைத்து அவள் தாடையில் போட்டேன். சோப்பை நுரைத்துப் பூசி, காத்திருந்தேன். மேலிருந்து கீழாக, கட்டி இருந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, மெதுவாக. கழுவி, ஒற்றி எடுத்து, டாக்டரம்மா சொன்ன கிரீமைத் தொட்டு வைத்தேன்.

அண்ணி இடது கையால் தாடையைத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள்.

"எரியலியே" என்றாள். பிறகு, "இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அண்ணி."

அவள் அழுதாள். கை முறிந்தபோதுகூட அழாதவள். எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை, தேற்றவும் மனசு வரவில்லை.

"பொண்ணுக்கும் கீது" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வர்ற முகூர்த்தத்துல நலங்கு."

"அவகிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?"

"கத்தி படக்கூடாதுன்னு சொன்னேன்."

திரைக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். அண்ணி கண்ணாலேயே கிண்ணத்தைக் காட்டினாள். நுரையும் முடியும் மிதந்த கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பழங்கள் வாங்கி வந்திருந்த சம்பந்தியம்மா வழியை மறித்து, "இன்னாம்மா அது?" என்றாள்.

"கஞ்சி குடிச்ச கிண்ணங்க" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது. அம்மா முந்தானைக்குள்ளிருந்து ரேஸரை எடுத்த மாதிரி.

அவர்கள் திரைக்குள் போனார்கள். பின்னாலேயே வந்த அண்ணியின் பெண், மாஸ்க்கும் சாப்பாட்டுப் பையுமாக என் எதிரே நின்றாள். நான் கிண்ணத்தை முந்தானைக்கு வெளியே எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"உங்க அம்மாவுது. இன்னும் சூடு ஆறல. கழுவி எடுத்துகினு வா" என்றேன்.

அவள் குனிந்து உள்ளே மிதந்த நுரையையும் முடியையும் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்கள் நிமிர்ந்து என் தாடையைப் பார்த்தன.