பதில் வராத திருத்தம்

டெல்லி கரோல் பாக்கில் உள்ள சைபர் கஃபேக்கு, பத்திரிகைக்குச் செய்தி அனுப்பப் போகும்போதெல்லாம் ஒரு தமிழரைப் பார்ப்பேன். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, அதன் பையில் அரசு அலுவலக அடையாள அட்டை. மின்னஞ்சலைத் திறப்பார், ஒருமுறை பார்ப்பார், மூடிவிடுவார்.

“க்யா சாப், லட்கி கா ஜவாப் நஹீ ஆயா?” என்று, பெண்ணிடமிருந்து பதில் வரவில்லையா எனக் கடைக்காரர் இந்தியில் கேலி செய்வார். ஏதோ காதல் விவகாரம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். எட்டுப் பக்க அச்சுத்தாளை நீட்டினார். கணினித் திரையை இயக்கும் நிரல் அது. நினைவகத்தின் ஒரு துண்டை எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை வைப்பதற்காக, எடுக்கும்போதும் விடும்போதும் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் அந்த வரி விட்டுப்போனாலும் அந்தத் துண்டு வேறெதற்கும் பயன்படாமல் முடங்கிவிடும். அந்த வேலையை அவர் ஒரே இடத்தில் சேர்த்து, மற்ற வரிகளை நீக்கியிருந்தார். அலுவலக வேலையல்ல, சொந்த ஆர்வம். வெளிநாட்டில் அந்த நிரலைப் பராமரிப்பவருக்கு இந்தத் திருத்தத்தை அனுப்பி நான்கு மாதம் ஆகியும் பதில் வரவில்லை.

“வேண்டாம்னு ஒரு வரி போட்டாக்கூடப் போதும் சார். யாரோ படிச்சாங்கன்னு இருக்கும்.”

அங்கேயே உட்கார்ந்து எட்டுப் பக்கத்தையும் படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் முழுசாப் படிச்சிட்டேன்” என்றேன்.

சிரித்தபடி தாள்களை வாங்கிக்கொண்டார். “ஆனா உங்களுக்கு இதுல தப்பு கண்டுபிடிக்கத் தெரியாதே, சார்.”