புகைபோக்கிக்கு நேராக நிமிர்த்திய தகடு

என் தம்பியின் ஃபைபர் படகு இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தில், நீர் வற்றியிருந்த நேரத்தில், எஞ்சின் ஒரு கல்லில் மோதியிருந்தது.

படகின் பின்னால் மாட்டும் எஞ்சினில், தண்ணீரைத் தள்ளும் காத்தாடிக்குக் கீழே, மீனின் துடுப்பு மாதிரி ஒரு அலுமினியத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். காத்தாடி தரையில் மோதாமல் காப்பதும், படகை நேராகப் போகவைப்பதும் அதன் வேலை. முதல் வேலையை அது ஒழுங்காகச் செய்து வளைந்துவிட்டது. அதனால் இரண்டாவது வேலை நின்றுபோனது.

"நேத்து அந்தக் கல்லு அங்க இல்லக்கா" என்றான் தம்பி.

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தக் கல் அங்கேதான் இருக்கிறது.

அவன் மனைவிதான் அவன் பிடிக்கும் மீனைத் திருவொற்றியூர் சந்தையில் விற்பவள். அவளுடைய சித்தப்பா, மணலியில் ஒரு கம்பெனியில் தம்பிக்குக் கேட் காவல் வேலை பேசி வைத்திருந்தார். மாதச் சம்பளம். இரண்டு வாரமாக அவள் அதைச் சொல்வதும் இவன் காதில் வாங்காததுமாக இருந்தார்கள். எஞ்சின் அடிபட்டதும் அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம நானே படகுல குந்திகினு பாப்பேன். நேரா போச்சுன்னா கடலு. இல்லன்னா கம்பெனி."

தம்பி என்னைத் தனியாக அழைத்துப் புலம்பினான். "நாள் முச்சூடும் ஒரே எடத்துல நின்னுகினு, வர்ற கார்க்கெல்லாம் சலாம் வெக்கணுமாக்கா? நானு?"

சனிக்கிழமை எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில் விடுமுறை. வேடிக்கை பார்க்கப் போனேன். கரையில் இரண்டு சவுக்குக் கம்பங்களை நட்டு, குறுக்கே ஒரு பலகையை அடித்து, அதில் எஞ்சினை மாட்டியிருந்தார்கள். தகடு கீழே தொங்கியது. தம்பியின் தோஸ்து ஒருவன் எண்ணூரில் வீட்டுக் கேட்டுகளுக்கு வெல்டிங் செய்கிறவன். கேஸ் சிலிண்டரோடு வந்திருந்தான். காத்தாடியைக் கழற்றிவிட்டு, மேலே உள்ள ரப்பர் சீல் வெந்துவிடாமல் இருக்க ஈரச் சாக்கைச் சுற்றினார்கள். தகட்டில் துணி சோப்பைத் தேய்த்தார்கள்.

"குளிப்பாட்டறீங்களா?" என்றேன்.

"அலுமினியம் சூடானா நெறம் மாறாதுக்கா. சொல்லாம கொள்ளாம உருகிடும்" என்றான் தோஸ்து. "சோப்பு கறுத்துச்சுன்னா சூடு போதும்னு அர்த்தம். சூடு பண்ணாம பச்சையா அடிச்சா விரிசல் வுட்டுக்கும்."

சோப்பு கறுத்தது. இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே தகட்டைப் பிடித்து, ஒரு நீளக் குழாயை நெம்புகோலாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார்கள். அதுவரை எல்லாம் சரி. நேராகிவிட்டதா என்று பார்ப்பதில்தான் சிக்கல் வந்தது.

கடலில் எங்கள் ஆட்கள் எதையும் புகைபோக்கியை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி எதற்கு நேராகத் தெரிகிறது என்று பார்த்து, எங்கே பாறை, எங்கே போட்ட வலை என்று சொல்லிவிடுவார்கள். அதே பழக்கத்தில் தம்பி எஞ்சினுக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடினான். தகட்டின் விளிம்பையும் தூரத்துப் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் கொண்டுவர முயன்றான்.

"இன்னும் கொஞ்சம் சோத்தாங்கை பக்கம் தள்ளு மாமு. இன்னும். ம்... நிறுத்து!"

அந்த வழியாகப் போன எவரும் குந்திப் பார்க்காமல் போகவில்லை. கண்ணை மூடிப் பார்த்த எல்லாரும் நேர் என்றார்கள். எனக்குக் கம்பங்கள் மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது போலத் தெரிந்தது.

"சாஞ்சிருக்கா பாருங்க" என்றேன்.

"யக்கா, அம்மாம் பெரிய பொகபோக்கி சாயுமா?" என்றான் தோஸ்து.

நான் கேட்டது கம்பத்தைப் பற்றி. பதில் வந்தது புகைபோக்கியைப் பற்றி. செய்தியாளர் கூட்டங்களில் பழகியதுதான் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை. காத்தாடியை மாட்டி, நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி அடியில் வைத்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். பிரமாதமாக ஓடியது. டிரம் எந்தப் பக்கமும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி, அவன் மனைவி, நான் மூவரும் படகில் ஏறினோம். முகத்துவாரத்தைத் தாண்டும் வரை தம்பி பேசிக்கொண்டே வந்தான். பிறகு பேச்சு குறைந்தது. எஞ்சின் கைப்பிடியில் ஒரு கை இருந்த இடத்தில் இரண்டு கைகள் வந்தன. பிறகு காலையும் முட்டுக் கொடுத்தான்.

"இன்னாயா, எஞ்சினோட மல்லுக்கட்டினு கீற?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லமே. முன்ன எந்தப் பக்கம் இயுத்துச்சு?"

"பீச்சாங்கை பக்கம்."

"இப்ப அந்தப் பக்கம் இயுக்குதா?"

அவன் சொன்னது உண்மைதான். படகு இப்போது வலது பக்கம் இழுத்தது. அவள் கரையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், முட்டுக் கொடுத்திருந்த காலைப் பார்த்தாள். போனை எடுத்துச் சித்தப்பாவை அழைத்தாள். தம்பி எஞ்சினை அணைத்துவிட்டான். தீர்ப்பைச் சத்தமில்லாமல் கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பான்.

"சித்தப்பா, அந்தக் கேட்டு வேலைக்கு இவரு ஒத்துவர மாட்டாரு. கேட்ட எந்தப் பக்கம் தொறக்கணும்னே பொகபோக்கியப் பாத்துதான் சொல்லுவாரு. பொம்பளைங்களுக்கு அங்க எதுனா கீதா? ... வர்ற பொம்பளைங்கள பரிசோதனை பண்றதுக்கா? சரி. நானே வரேன்."

தம்பியின் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம்தான்.

"அப்ப மீன யாரு விப்பா மே?"

"புடிச்சவன் விக்கட்டும்."

மறுநாள் கொத்தனாரிடமிருந்து தூக்குக்குண்டு வாங்கி வந்து, முதலில் சாய்ந்திருந்த கம்பங்களை நேராக்கி, பிறகு தகட்டைச் சரியாக நிமிர்த்தினார்கள். படகு இப்போது நேராகப் போகிறது. அவள் மணலிக்குப் பேருந்தில் போகிறாள்.

போன வாரம் சந்தையில் தம்பியைப் பார்த்தேன். சங்கரா மீனைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் விலை கேட்டாள். சொன்னான். அவள் பாதியாகக் கேட்டாள். அவன் உடனே சரி என்றான். அவளுக்கே சந்தேகம் வந்து, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாங்காமல் போய்விட்டாள். பக்கத்தில் கடை போட்டிருந்த பெண்கள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று சந்தையில் சங்கராவின் விலை அந்தப் பாதிக்கு மேல் ஏறவில்லை.