மே மாத வருமானம்

கொடைக்கானலில் யாரிடம் வருமானம் கேட்டாலும் மே மாதத்தைத்தான் சொல்வார்கள். சோளம் சுட்டு விற்பவர், டாக்ஸி ஓட்டுபவர், லாட்ஜில் அறை சுத்தம் செய்பவர், எல்லோரும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால், மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நிற்கிற, அறை கிடைக்காத குடும்பங்கள் காருக்குள்ளேயே தூங்குகிற அந்தச் சில வாரங்களில் ஒரு நாளைச் சொல்வார்கள். அது பொய் இல்லை. அப்படி ஒரு நாள் உண்மையாகவே இருக்கிறது. மற்ற நாட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

என் அக்காவின் கணவர் ஏரிக்கரையில் குதிரை வைத்திருக்கிறார். ஒரே குதிரை, சொந்தக் குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து ஒரு சுற்றுக் கூட்டிவருவது தொழில். அத்தானிடம் வருமானம் கேட்டால் அவரும் மே மாதத்தைத்தான் சொல்வார். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். அந்தப் பழக்கம் ஒருநாள் அக்காவின் உயிருக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

அக்காவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. எங்கள் ஊரில் இதை நோய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கடைக்குப் போனாலும் மேடு, கோயிலுக்குப் போனாலும் மேடு. படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்கு அழைத்துப் போனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். மாத்திரையை வைத்துச் சில மாதங்கள் ஓட்டலாம், வருடக் கடைசி வரை தள்ளக் கூடாது. அரசு மருத்துவமனையில் செலவு இல்லை, ஆனால் காத்திருப்பவர்கள் அதிகம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். கார்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

நான் மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவன். இந்த அட்டைக்கு யார் தகுதியானவர் என்ற செய்தியைப் பலமுறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் அரசு வைத்த வரம்பைத் தாண்டக் கூடாது. அதற்கு வருவாய்த் துறையின் சான்று வேண்டும். மூன்றே வரிகள். அத்தானிடம் அதை ஒப்பித்து, வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய் வருமானத்தைச் சொல்லிவிட்டு வந்தால் போதும் என்றேன்.

நான் அதைச் சொன்னது மே மாதத்தில்.

வி.ஏ.ஓ. பழனிப் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலை வாகன நெரிசலில் மாட்டி, பைக்கை ஓரமாக விட்டுவிட்டு நடந்தே அலுவலகம் வந்திருந்தார். அத்தான் இரண்டு சவாரிகளுக்கு நடுவில் ஓடிப்போனார். வேறு சான்றுகளுக்காக அங்கே வந்திருந்த இரண்டு குதிரைக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும் என்று வி.ஏ.ஓ. கேட்டார். அத்தான் நிமிர்ந்து நின்று சொன்னார். எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை, அதை அவர் வாயால் கேட்பதுதான் முறை. வி.ஏ.ஓ. ஜன்னல் வழியாக வெளியே நின்ற கார்களைப் பார்த்தார். நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை. ஓய்வு நாட்களைக் கழித்து மீதி நாட்களால் பெருக்கிக்கொண்டார்.

சான்று வெரசாவே வந்துவிட்டது. அதிலிருந்த தொகை வரம்பைத் தாண்டி எங்கேயோ நின்றது.

அத்தானுக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தக் காகிதத்தை அவர் இரண்டு முறை படித்ததைப் பார்த்தேன். இரண்டாவது முறை படித்தது வருத்தத்தினால் இல்லை.

"அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு," என்றார்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நல்லாருக்கு. குடுங்க, நெஞ்சுல ஒட்டிக்கிறேன். வால்வு சரியாயிரும்."

இன்னொரு தடவை போய்ச் சரியான கணக்கைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் அசையவில்லை. போன மாதம் ஒன்று சொல்லிவிட்டு இந்த மாதம் வேறு சொன்னால் பொய்யன் என்று ஆகிவிடும் என்றார். அன்று பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் என்ன நினைப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை, அதுவும் மனதில் இருந்தது. இ-சேவை மையத்துக்கு வெளியே நிற்கும் தரகர் ஒருவர் எளிய வழி சொன்னார். தொழில் என்ற இடத்தில் வேலை இல்லை என்று போட்டுவிடலாம், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அன்று வீட்டுக்கு வந்த அத்தானின் முகம் சிவந்திருந்தது.

"குதிரை நாலு கால்ல நிக்கிது. சோலி இல்லைன்னு எழுதவா? நாளைக்கு அது மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

இந்த இடத்தில் நான் அக்காவையும் அத்தானையும் சம எடையில் வைத்துத்தான் எழுத வேண்டும். அவர் மனைவியைவிடப் பெருமையைப் பெரிதாக நினைத்தார் என்று தோன்றலாம். அது தவறு. அக்கா இருமினால் எழுந்து உட்காருகிறவர் அவர்தான். கொள்ளு வேகவைக்கிற அடுப்பிலேயே அவளுக்கு வெந்நீர் போட்டு வைத்துவிட்டுத்தான் வெள்ளனே ஏரிக்குப் போவார். எந்த நேரத்திலும் நிமிர்ந்து நின்று பழகியவருக்கு, குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

ஆனி போய் ஆடி வந்தது. மலையில் காற்றும் தூறலுமாக இருந்தது. அக்காவின் கால் வீங்க ஆரம்பித்தது. ஒருநாள் காலை அவள் தலைவாரி, நல்ல சேலை கட்டி, சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"குதிரையைப் பூட்டுங்க. நான் வி.ஏ.ஓ.வைப் பாக்கணும்."

வீடு இருப்பது பள்ளத்தில். அலுவலகம் மேலே. நடந்து ஏறக்கூடிய மூச்சு அவளிடம் இல்லை. ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன். "சும்மாதான நிக்கிது," என்று குதிரையைக் காட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதன் மேல் ஏறியதில்லை, அதற்கு முன்பு இருந்த குதிரையின் மேலும் ஏறியதில்லை. வருகிறவர்களுக்குத்தான் குதிரை. அத்தான் சேணத்தைத் துடைத்தார். சிறுபிள்ளைகளை ஏற்றும்போது போடுகிற மெத்தையை எடுத்துப் போட்டார். இருவரும் பிடித்து ஏற்றிவிட்டோம். அவர் கயிற்றைப் பிடித்து முன்னே நடந்தார். நான் குடையோடு பக்கத்தில் போனேன்.

டீக்கடை வாசலில் நின்ற ஒருவர் சும்மா விடவில்லை.

"எங்கக்கா, ராணி கணக்கா கெளம்பிட்டீங்க?"

"ஏழைன்னு எழுதி வாங்கப் போறேன். வழி விடு."

கடைக்குள் சிரிப்பு எழுந்தது. அத்தானும் சிரித்தார். அந்த மேட்டில் அவர் சிரித்ததால்தான் பின்னால் நடந்ததைத் தாங்கிக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

குளம்புச் சத்தம் கேட்டு வி.ஏ.ஓ. வெளியே வந்தார். அவர் நல்ல மனிதர். அக்காவை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். அத்தான் வாசலிலேயே குதிரையோடு நின்றுகொண்டார். உள்ளே பேசுவது அங்கே கேட்கும். அக்காவுக்கும் அது தெரியும்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னதைத்தாம்மா எழுதினேன்," என்றார் வி.ஏ.ஓ.

அக்கா மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள்.

"அவர் பொய் சொல்லலங்க. அவர் சொன்னது மே மாசம். மே மாசத்தை அவரைத்தான் கேக்கணும். மிச்சத்தை என்னையக் கேளுங்க."

பிறகு சொன்னாள். பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டம் வடிந்துவிடும். ஆடிக் காற்றில் சனி, ஞாயிறு மட்டும் தலை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ அந்த வாரம் முழுக்க ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம், பொங்கலுக்குக் கொஞ்சம். மாசி, பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, யாரும் மலை ஏறுவதில்லை. குதிரை மட்டும் பன்னிரண்டு மாதமும் தின்கிறது. கொள்ளு வாங்கிய வாரம் வீட்டில் குழம்பு கிடையாது, ரசம்தான். இதையெல்லாம் சொல்லும்போது அவள் குரல் இறங்கவே இல்லை. யாரைப் பற்றியும் புகார் சொல்லவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பது போல வாசித்தாள். வாசலில் குதிரை ஒரு முறை கனைத்தது. அத்தான் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் கூட்டிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்தே தெரிந்தது, தொகை வரம்புக்குள் இருக்கிறது. பேனாவை மூடப் போனார்.

"இன்னும் இருக்குங்க," என்றாள் அக்கா. "என்னோடதை எழுதலையே."

மேல்மலைக் கிராமங்களிலிருந்து பூண்டு இறங்கும் மாதங்களில் அக்கா அதைத் தாள் அறுத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் கூலி வேலைக்குப் போவாள். மூச்சு முட்டும்வரை போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பூண்டு வாசனை அவள் விரல்களை விட்டுப் போனதே இல்லை.

வி.ஏ.ஓ. அவளைப் பார்த்தார். "அதையும் சேத்தா கூடுமேம்மா."

"குடும்ப வருமானம்னுதான கேட்டிருக்கு? அவர் மட்டுமா குடும்பம்? நானும் சும்மா இருக்கலைங்க. எழுதுங்க."

நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். தொகை வரம்பைத் தாண்டினால் அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் வரிசையில் காத்திருக்க வேண்டும், கால் வீங்கிய அவளால் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் இது தெரியும். ஆனால் தன் உழைப்பைக் கழித்துவிட்டுக் கிடைக்கிற அட்டை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வி.ஏ.ஓ. பூண்டுக் கூலியை எழுதினார். மறுபடியும் கூட்டினார். நிதானமாகக் கூட்டினார். பிறகு தொகையை வாய்விட்டுச் சொல்லி, காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வரம்புக்கு அருகில் வந்திருந்தது, தாண்டவில்லை.

அக்கா அதைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து இவ்வளவுதானா," என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது என்று நினைக்கிறேன். நான் என் வீட்டாரைப் பற்றி வெளியே பெருமை பேசுகிறவன் இல்லை. அன்று அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போது, உள்ளே யார் வந்தாலும் இவள் என் அக்கா என்று சொல்லியிருப்பேன்.

நேரில் விசாரிக்காமல் முதல் சான்றை மாற்றி எழுத முடியாது என்று வி.ஏ.ஓ. சொன்னார். மறுநாள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார். நானும் அத்தானோடு அங்கே இருந்தேன். பனிமூட்டம் தண்ணீர்வரை இறங்கியிருந்தது. குதிரைகள் முதுகில் பிளாஸ்டிக் விரிப்போடு மரத்தடியில் தலை தொங்கி நின்றன. அவர் மூன்று குதிரைக்காரர்களைத் தனித்தனியாக அழைத்து, இந்தத் தொழிலில் ஒரு நாளைக்கு என்ன வரும் என்று விசாரித்தார். மூவரும் மே மாதத்தைச் சொன்னார்கள்.

வி.ஏ.ஓ.வுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். "சரிங்க. இன்னைக்கு எவ்வளவு ஆச்சு?"

மூவரும் ஏரியைப் பார்த்தார்கள். மே மாதம் அலுவலகப் பெஞ்சில் இருந்தவர்களில் மூத்தவர்தான் கடைசியில் பேசினார்.

"இன்னைக்கு இன்னும் போணியே ஆகலைங்க."

பொழுது சாயப் போகும் நேரம் அது. பிறகு அவரே அத்தானைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வதைப் போல, "நேத்தும் ஆகல," என்றார். அத்தான் தலையசைத்தார். வருடக்கணக்காக அருகருகே நின்று தொழில் செய்கிறவர்கள், ஒருவரிடம் ஒருவர் இதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு யாரும் சிறுத்துப்போகவில்லை. ஒருவர் போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். வி.ஏ.ஓ.வுக்கும் ஒன்று.

புதிய சான்று வந்தது. திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் இருவரும் புகைப்படத்துக்கு உட்கார்ந்தார்கள், விரல் ரேகை வைத்தார்கள். அட்டை கிடைத்தது. புரட்டாசியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அக்காவுக்கு வால்வு மாற்றினார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து டாக்டர் வெளியே வந்து நன்றாக இருக்கிறார் என்று சொன்னபோது அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார், கயிறு பிடிக்கிற பிடி.

அக்காவைப் பொது வார்டுக்கு மாற்றிய பிறகு, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளின் கணவர் அத்தானோடு பேச்சுக் கொடுத்தார். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கொடைக்கானலில் குதிரை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதுல என்னண்ணே கெடைக்கும், ஒரு நாளைக்கு?"

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

மூட்டைக்காரர் அசந்துபோனார். நான் அத்தானைப் பார்த்தேன், வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலில் இருந்து அக்காவின் விரல் என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு வாங்காமல் பேசினாள்.

"ஏலே, அவரு மார்க்கெட்டுக்காரரு, வி.ஏ.ஓ. இல்ல. சொல்லட்டும், விடு."