பியாட்றிஸ் கையில் சவரக் கத்தி

அரியாலையில் மீன் வெட்டுவதில் பியாட்றிஸை விஞ்ச ஆளில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரிகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், உண்மை அதுதான். அரிவாள் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும் அலகில் மீனைத் தள்ளி இழுப்பாள். கத்தி அசையாது, மீன்தான் அசையும். கலியாணம் கட்டிய நாள் முதல் அப்படிப் பழகிய கையில், ஒரு சனிக்கிழமை காலை புருசனுடைய சவரக் கத்தி வந்து சேர்ந்தது.

புருசன் தேவராஜா பஸ் ஓட்டி ஓய்ந்தவர். வாதம் வந்து வலக் கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, வலக் கன்னம் மரத்துப்போனது. கன்னத்துக்கு உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டொக்டர். அன்றிலிருந்து மனிசன் கோயிலுக்கும் இல்லை, சலூனுக்கும் இல்லை. மகன் தனுஷன் கனடாவிலிருந்து அனுப்பிய சேவ் மெசினைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாடி வளர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார். அந்தக் கன்னத்துக்கு உயிர் வருமா என்ற ஏக்கம் அவரைவிட அவளைத்தான் அதிகம் தின்றது.

"இஞ்சாருங்கோ, நான் வழிச்சு விடுறன்."

"இது மீனில்லைக் கண்டீரோ."

"மீன் இவ்வளவு கதைக்காது. எழும்பி இருங்கோ."

நுரை பூசி, கத்தியைப் பிடித்தாள். பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். மற்றக் கையால் அவருடைய தாடையைப் பற்றி, முகத்தைக் கத்தியை நோக்கித் தள்ளினாள்!

"ஐயோ பியாட்றிஸ்! தலையை ஏன் தள்ளுறீர்? கத்தியைக் கொண்டு வாரும்!"

பயத்தில் அவருக்குப் பேச்சுக் கொன்னுவதுகூடக் குறைந்துவிட்டது. தோலை இழுத்துப் பிடிக்கவேண்டும், கத்தியைச் சரித்து மயிர் படிந்த பக்கமாகக் கீழே கொண்டுவரவேண்டும், சின்னச் சின்னதாக எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "அலகின்ரை நீளத்துக்கு இழுத்தீரோ, தோலை அரிஞ்சுபோடும்."

இடக் கன்னம் நன்றாகவே முடிந்தது. வலப்பக்கத்தில் தோல் தொய்ந்து கிடந்தது. பழைய பழக்கம் எங்கே போகும், கை மீனை இழுப்பதுபோல் இழுத்துவிட்டது. வெள்ளை நுரையில் சிவப்புக் கோடு இறங்கியது. அவரோ ஒன்றும் தெரியாமல் அசையாது இருந்தார். பியாட்றிஸ் கத்தியை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

"என்னப்பா?"

"வெட்டிப்போட்டன்."

"எனக்கு நோகேல்லையே."

"அதுக்குத்தான் அழுகிறன்."

அவர் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அப்ப மற்றப் பக்கத்திலையும் ஒண்டு கீறிவிடும், சோடியாய் இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கோணல் வாயாலேயே சிரித்தார். மறுநாள் கோயிலுக்கும் போனார்.

அதன்பிறகு சனிக்கிழமை என்றால் அவர்களுக்குப் பெருநாள்தான். தேத்தண்ணி குடித்து, ஊர்ப்புதினம் பேசி, ஆறுதலாக, அவசரப்படாமல் வழிப்பார்கள். தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் மயிர் சுழித்து வளர்வதையும், அங்கே கத்தியைப் பக்கவாட்டில் திருப்பவேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். கை படிந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது. சலூன்காரரைக் கண்டால் சகதொழிலாளியைப் பார்ப்பதுபோல் தலையாட்டினாள்.

மார்கழி மழையில் ஒரு சனிக்கிழமை, ஈரக் கையில் கத்தி சற்றே வழுக்கியது. வலக் கன்னத்தில்தான்.

"ஆ! எரியுது!"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன சொன்னனீங்கள்?"

"எரியுதெண்டுறன், காது கேக்கேல்லையே?"

"எவ்விடத்திலை?"

கண்ணாடி பார்க்காமல் இடக் கை விரலைக் கொண்டுபோய்க் கீறல்மேலேயே வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கும் விளங்கியது. அவள் நுரையோடு சேர்த்து அந்தக் கன்னத்தில் உதட்டை வைத்துக் கொஞ்சினாள்.

"விசரே உமக்கு? ரத்தம் வருகுது, படிகாரத்தை எடும்!"

"இன்னும் எரியுதோ?"

"ஓம்."

"நல்லா எரியட்டும்."