ஹாக்கெட் சதுப்பில் என் அக்கா எண்ணிய மான்கள்

என் அக்கா லோர்னாவை மான் குழுவிலிருந்து தூக்க வேண்டும் என்ற மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல்.

குழு என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. விஸ்கான்சின் வடகோடியில் எங்கள் மாவட்டத்தில் அடுத்த வேட்டைப் பருவத்துக்கு எத்தனை பெண் மான் சுட அனுமதி கொடுக்கலாம் என்று வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்கிற வேலை. சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு ஏச்சு ஒரு பொருட்டா? முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுவாள்.

பன்னிரண்டு வயதில் அப்பாவின் துப்பாக்கியால் முதல் மானைச் சுட்டாள். மற்றவர்கள் கொம்பைச் சுவரில் மாட்டுவார்கள். இவள் அதன் கீழ்த்தாடையை வேகவைத்துச் சுரண்டி, பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, வயதை எலும்பிலேயே எழுதி வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வேட்டை முகாமில் விழுந்த ஒவ்வொரு மானின் தாடையும் அவள் வீட்டுக் கீழ்த்தள அலமாரிக்குத்தான் போகும். ஐம்பது வருடத் தாடைகள். அவள் கணவர் டேல் உயிரோடு இருந்தபோது, "நான் தினமும் இடுகாட்டுக்கு மேலதான்பா படுத்துத் தூங்கறேன்" என்று எல்லோரிடமும் புலம்புவார்.

நான்கு வருடங்களுக்கு முன் மான் பெருத்துப்போயிருந்தது. காட்டில் ஒரு சீடார் மரக்கன்றுகூடத் தலைதூக்கவில்லை, எல்லாவற்றையும் மேய்ந்து தீர்த்துவிட்டன. பெண் மான் அனுமதியைக் கூட்ட வேண்டும் என்று அக்கா கை தூக்கினாள். கூட்டினார்கள், நாங்களும் சுட்டோம். அடுத்தடுத்து இரண்டு கொடும் குளிர்காலம் வந்து விழுந்தது. போன நவம்பரில் எங்கள் முகாமில் ஒன்பது பேர் ஒன்பது நாள் காத்துக் கிடந்தோம். வாசலில் மான் தொங்கவிடும் கம்பம் வெறும் கம்பமாகவே நின்றது. என் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததில்லை.

மதுக்கடையில் கிளேட்டன் பிரஸ்க் மேசையைத் தட்டிக்கொண்டு பேசினான். மரம் வெட்டுகிறவன், அவன் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "ஓநாயை விட்டு வளத்தாங்க. பெண் மானைச் சுடச் சொன்னாங்க. கேட்டா இத்தனை ஆயிரம் மான் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். கம்ப்யூட்டர்ல இருக்கற மானை நான் எதால சுடறது?" எல்லோரும் சிரித்தார்கள். மனுவை நீட்டினான். சிரித்த வேகத்திலேயே நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை அக்கா தொலைபேசியில் வந்தாள்.

"கையெழுத்து அழகா இருக்குடா ரூடி. உன் கல்யாணத்துலகூட நீ இவ்வளவு தெளிவாப் போடல."

"அக்கா, அது வந்து..."

"வரவும் வேணாம் போகவும் வேணாம். மாசக் கடைசிக் கூட்டத்துக்கு முன்னால ஹாக்கெட் சதுப்புல செத்த மானை எண்ணணும். எண்ண ரெண்டு பேர் வேணும்னு விதி. என் பக்கம் பேசற ஒருத்தன் வந்தா ஊர் நம்பாது. என்னைத் தூக்கணும்னு சொல்றவனே வந்தா நம்பும். சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துடு."

எனக்கு அங்கே போக மனம் இல்லை. காரணம் வேறு. அதற்குப் பத்து நாள் முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். இடுப்பளவு பனி. ஒரு வாரமாகக் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் குளிர். மான்கள் பட்டினியில் சாகின்றன என்ற நினைப்பே தாங்கவில்லை. பன்னிரண்டு மூட்டைச் சோளத்தைப் பனிவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய் அந்தச் சதுப்பின் வடக்கு ஓரத்தில் கொட்டினேன். எங்கள் மாவட்டத்தில் அப்படிக் கொட்டுவது சட்டப்படி குற்றம், அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் தள்ளி நிற்கும்போதே ஏழெட்டு மான் வந்து தின்றன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. இலாகாவால் முடியாததை நான் செய்தேன் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை பனியில் கால் புதையாமலிருக்க வலைச்செருப்புகளைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினோம். வருடம் தவறாமல் வேட்டைக்குப் போகிறவன் நான். ஆனால் பருவம் முடிந்தபின் குளிர்காலத்தின் நடுவில் அந்தச் சதுப்பின் உள்ளே நான் போனதே இல்லை. போனது அன்றுதான். வெளியே காற்று அறைந்துகொண்டிருந்தது. சீடார் மரங்களுக்குள் நுழைந்ததும் சட்டென்று நின்றுவிட்டது. பகலிலேயே அரையிருட்டு. மான்கள் நடந்து நடந்து பனியில் வெட்டிய பாதைகள் எங்கள் இடுப்பளவு ஆழத்துக்கு எல்லாத் திசையிலும் ஓடின. மரங்களில் மான் எட்டும் உயரம் வரை ஒரு பச்சை இலை கிடையாது. அந்த உயரத்துக்கு மேலே அடர்ந்த பச்சை. யாரோ நூல் பிடித்துக் கத்தரித்த மாதிரி காடு முழுக்க ஒரே கோடு.

"அசையாம நில்லு," என்றாள் அக்கா மெதுவாக.

நின்றேன். கண் பழகியதும் பார்த்தேன். ஐயோ, அத்தனை மான்! ஒவ்வொரு மரத்தடியிலும் படுத்திருந்தன. முப்பதா, அறுபதா, அதற்கும் மேலா, தெரியவில்லை. நவம்பரில் ஒரு வாலைக்கூடக் காணாமல் நான் பல்லைக் கடித்தேனே, மைல் மைலாகச் சுற்றியிருக்கும் காட்டின் மிச்ச மான்களெல்லாம் இங்கே வந்து ஒடுங்கியிருந்தன. எல்லாம் எங்களையே பார்த்தன. ஒன்றுகூட ஓடவில்லை.

"ஏன்க்கா ஓடல?"

"ஓடினா செத்துடும். ஓடறதுக்குச் செலவாகற கொழுப்புதான் அதுக்கு ஒரு வாரச் சாப்பாடு. அதுக்குத் தெரியும். அதான் நம்மள மாதிரி ரெண்டு எமனைப் பாத்தும் பேசாம படுத்திருக்கு."

என் பத்தடியில் ஒரு பெண் மான். முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே இருந்தது, உள்ளே இருக்கும் சூட்டை அது வெளியே விடவில்லை. மூக்கிலிருந்து சின்ன ஆவி வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தேழு வயதாகிறது எனக்கு, எத்தனையோ மானைக் கொன்றவன். அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறகு எண்ண ஆரம்பித்தோம். செத்துக் கிடப்பதைக் கண்டால் அக்கா தொடை எலும்பைச் சிறு கோடரியால் உடைப்பாள். உள்ளே மஜ்ஜை வெண்ணெய் மாதிரி வெளுத்திருந்தால் உடம்பில் இன்னும் இருப்பு இருந்திருக்கிறது. சிவந்து கூழாக இருந்தால் பட்டினிச் சாவு. தெற்குப் பக்கம் கூழ், கூழ், கூழ். பெரும்பாலும் குட்டிகள். ஓநாய் தின்றது மூன்று. ஒவ்வொன்றுக்கும் என்னையும் குனிந்து பார்க்கச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

வடக்கு ஓரம் வந்தது. என் சோளம் இன்னும் பாதி அங்கேயே கிடந்தது. அதைச் சுற்றிப் பதினான்கு மான் செத்துக் கிடந்தன. வயிறு உப்பியிருந்தது. அக்கா ஒவ்வொன்றின் வயிற்றையும் கீறினாள். மஞ்சள் மஞ்சளாகச் சோளம் சரிந்து விழுந்தது. எலும்பை உடைத்தாள். மஜ்ஜை பாதி வெளுப்பு.

"மூணு மாசமா குச்சியைத் தின்னு பழகின வயிறுடா. திடீர்னு சோளம் போனா உள்ள புளிச்சு அமிலமாகி ரெண்டே நாள்ல கொன்னுடும்." எலும்பை என்னிடம் நீட்டினாள். "பாரு. இது இன்னும் மூணு வாரம் தாங்கியிருக்கும். பனி கரையற வரைக்கும் தாங்கியிருக்கும். இந்தப் பதினாலுல ஒம்போது சினை."

என்னால் எலும்பை வாங்க முடியவில்லை. பனிவண்டித் தடம் அவள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? என் வண்டியின் சக்கரப்பட்டையில் ஒரு பல் உடைந்திருப்பது ஊருக்கே தெரியும். அவள் தடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "சோளம், பதினாலு," என்று எழுதிவிட்டு நடந்தாள்.

அடுத்த வியாழன் ஊர்க்கூடத்தில் நிற்க இடமில்லை. மனுவில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அக்கா எழுந்து படித்தாள்: செத்தது அறுபத்தொன்று, பட்டினி நாற்பத்து நான்கு, ஓநாய் மூன்று, சோளம் பதினான்கு. அடுத்த மூன்று வருடத்துக்கு ஒரு பெண் மான்கூடச் சுடக் கூடாது என்பது தன் கருத்து என்றாள். நான்கு வருடத்துக்கு முன் தான் தூக்கிய கை அளவுக்கு மீறித் தூக்கிய கை என்றும் சொன்னாள்.

கிளேட்டன் எழுந்தான். "ஓநாய் மூணுதானா? யாரு காதுல பூ சுத்தற? சோளமாம், பதினாலாம்! மானுக்குச் சோறு போட்டா சாகுமா? ரூடி, நீதான கூடப் போன. நீ சொல்லுப்பா, உங்கக்கா பொய்தான சொல்றா?"

கூடமே என் பக்கம் திரும்பியது. ஒரு வார்த்தை போதும். 'சரியாகத் தெரியவில்லை' என்றால் அக்கா அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெயர் அவள் வாயிலிருந்து வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"ஒவ்வொண்ணையும் குனிஞ்சு பாத்தேன். அவ சொன்னது ஒண்ணுகூடப் பொய் இல்ல. அந்தச் சோளத்தைக் கொட்டினது நான்தான். பன்னிரண்டு மூட்டை. பதினாலு மானும் நான் கொன்னது. காப்பாத்தறதா நெனச்சுத்தான் கொன்னேன்."

திட்டு வரும் என்று காத்திருந்தேன். கிளேட்டன் நின்றபடியே இருந்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் பேசியபோது முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

"லோர்னா... எந்தச் சோளமா இருந்தாலும் அப்படித்தானா?"

"அப்படித்தான் கிளேட்டன். நீ எப்பப் போட்ட?"

"இன்னிக்குக் காலைல. என் பேத்திங்களையும் கூட்டிட்டுப் போனேன். மூணு இடத்துல."

அக்கா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். நாற்காலியில் கிடந்த மேல்கோட்டை எடுத்து மாட்டினாள். "அப்ப அள்ளி எடுக்க இன்னும் நேரமிருக்கு. மண்வெட்டி எத்தனை பேர் வண்டில இருக்கு?" என்று கேட்டாள்.

கூடம் முழுக்க நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.