குருசாமியின் சர்க்கரை அளவு

போன வாரம் மதுரையில் லேப்காரர்களுக்காக ஒரு கூட்டம். ஈரல் கேன்சரைப் பற்றி ஓர் இளம் டாக்டர் பேசினார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாதிப் பேர் தூக்கம்... நானும்தான்.

கட்டி கையில் தட்டுப்படும்போது காலம் கடந்துவிடுகிறது. அதற்கு முன்பே ரத்தத்தில் தடயம் ஏதாவது கிடைக்காதா என்று பல ஊர்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். ஒரு புரதம் ஏறுவதைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். பிறகு போகிறபோக்கில் ஒன்று சொன்னார்.

“இந்தக் கேன்சர் இருக்கிற சிலருக்குக் காரணமே தெரியாமல் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். வெறும் வயிற்றில் தள்ளாடுவார்கள், வாய் குழறும். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறார் என்பார்கள்.”

என் தூக்கம் போய்விட்டது.

தேனியில் நான் லேப் வைத்திருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை நேரம். முதல் பஸ்ஸில் ஓடைப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் குருசாமி. திராட்சைத் தோட்டக்காரர், ஐம்பது வயதிருக்கும். சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு கையில் இருந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

“எங்கூர்ல எல்லாரும் நான் குடிக்கிறேங்கிறாக சார். ரத்தத்துல சாராயம் இல்லேன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. சம்பந்தி வீட்ல காட்டணும்.”

காலையில் எழுந்தால் தள்ளாட்டமாம். வேர்த்துக் கொட்டுமாம். பேச்சு ஒழுங்காக வராதாம். மகளைக் கெங்குவார்பட்டியில் பேசி முடித்திருந்தார்கள். தேதி குறிக்க வந்தவர்கள் அவரை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்களாம்.

சாராயத்துக்கெல்லாம் என்னிடம் டெஸ்ட் இல்லை என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் சட்டை நனைந்திருந்தது. நாக்கு லேசாகக் குழறியது. ரத்தம் எடுக்கும் சாக்கில் குனிந்து, அவர் வாயை மோந்து பார்த்தேன். வாடை எதுவும் இல்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு எதிர்க்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தார். கால்மணி நேரத்தில் மனுஷர் தெளிந்துவிட்டார்! திராட்சைக் கொடிக்கு மருந்தடிப்பது பற்றிக் கோர்வையாகப் பேசிக்கொண்டிருந்தார். என் கண் முன்னால்தான் நடந்தது. எனக்கு உறைக்கவில்லை.

அவர் ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தெட்டு வந்தது. எழுபதுக்குக் குறையக் கூடாது. மறுபடி செய்தேன். நாற்பது.

லேப்காரர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. வழக்கமான எண் வந்தால் நம்புவோம். வழக்கமில்லாத எண் வந்தால், டெஸ்ட் மருந்தின் மேல் பழி, கரண்ட் மேல் பழி... எடுத்த ரத்தம் வெளியில் கிடந்தால் அதிலுள்ள சர்க்கரை தானாகவே குறையும். அன்று கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. அதனால்தான் என்று முடிவு கட்டினேன். அவரை இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான், தப்பான ரிசல்ட் என்று அதே டாக்டரிடம் பேச்சு வாங்கியிருந்தேன்.

எழுபத்திரண்டு என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

சுகர் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். சம்பந்தம் முறிந்தது. ஏழெட்டு மாதம் கழித்து மதுரை ஆஸ்பத்திரியில் ஈரலில் பெரிய கட்டி என்றார்கள். வாலிபத்தில் வந்த மஞ்சள் காமாலையில் தொடங்கியிருக்கலாம் என்றார்களாம். யார் காதில் விழுந்தது? குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டார் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தப் பேச்சோடுதான் அவரை எரித்தார்கள். எனக்குச் செய்தி வந்தபோது, பாவம் என்றேன். அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் அந்த இளம் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா?

“சொல்ல முடியாது சார். அப்போ கஷ்டம்தான். ஆனா குடியில்லைங்கிறது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை ஓடைப்பட்டிக்குப் போனேன். குருசாமியின் மனைவி பேச்சியம்மாள் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாம். நான் யார், என்ன செய்தேன் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த சணலைக் கீழே வைத்தார்.

“நானும் சந்தேகப்பட்டேன்யா,” என்றார். “அவுக பெட்டியெல்லாம் தொறந்து பாட்டில் இருக்கான்னு தேடினேன். இத அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா, அவுகளும் காதால கேட்டுட்டுப் போயிருப்பாக.”

முப்பத்தெட்டு என்பது அவருக்காகச் சாட்சி சொல்ல வந்த எண். அதை நான் பேசவிடவில்லை.