காயக்கட்டை அவிழ்த்த காவல்காரர்

சுரங்க வாசல் காவல்காரருக்கு அம்மைத் தழும்பு விழுந்த முகம். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் தங்கக் கல் இருக்கிறதா என்று கோவணம்வரை சோதிப்பார். அப்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார். வானத்தைப் பார்த்துக்கொண்டே கையால் தேடுவார்.

அன்று உள்ளே பாறை விழுந்து என் அண்ணனின் தொடை கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரி போகும்வரை தாங்கட்டும் என்று என் தலைப்பாகையால் இறுக்கிக் கட்டி, கேஜ் என்கிற சுரங்கக் கூண்டில் மேலே ஏற்றி, கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தோம். வாசலில் அவர் மறித்தார்.

"கட்ட அவுரு."

"அவுத்தா செத்துடுவான் சாமி! உங்க கால்ல வுழறேன், வுட்டுடுங்க."

"கட்டுக்குள்ளதான்டா எல்லாரும் கல்ல வைக்கிறீங்க."

அவரே மண்டியிட்டு அவிழ்த்தார். ரத்தம் குபுகுபுவென்று வந்தது. துணி மடிப்பிலிருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு கல் விழுந்தது; அதில் மஞ்சள் ரேகை மின்னியது. நான் வைக்கவில்லை. கேஜில் வரும்போது அண்ணன்தான் செருகியிருக்க வேண்டும். இனி ஆஸ்பத்திரி இல்லை, போலீஸ்தான் என்று நினைத்தேன்.

காவல்காரர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கல்லைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டை என்னைவிட இறுக்கமாகக் கட்டினார்.

"இன்னாடா பாக்கற? தூக்கினு ஓடு!"

அண்ணன் பிழைத்தான். அந்தக் கல்லைப் பிறகு எங்களுக்காகத் தூக்கி எறிந்தாரா, தனக்காக வைத்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் வாசலில், வானத்தைப் பார்த்தபடியே, தலைப்பாகை இல்லாத என் தலையைக்கூட விடாமல் தடவினார்.